காய்ச்சலும் பாய்ச்சலும்

போன வாரம் ஆபீஸ்ல ஆணி பிடுங்கிட்டு இருந்தப்போ, டீம்ல புதுசா சேர்ந்த பையன் ஒருத்தன் பக்கத்துல வந்து நின்னான். "அண்ணே, நீங்க ஜிஆர்இ எழுதியிருக்கீங்களாமே? உங்க பழைய வேர்டு கார்டு ஏதாவது இருந்தா குடுங்களேன்"னு கேட்டான். "எல்லாம் போச்சுப்பா, ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு"ன்னேன். கிண்டல் பண்றேன்னு நினைச்சுட்டுச் சிரிச்சிட்டுப் போயிட்டான்.

கிண்டல் இல்ல மக்களே. நிஜமாவே ஒண்ணுதான் இருக்கு. அது ஏன் ஒண்ணு, மத்தது எங்க போச்சு, அந்த ஒண்ணை ஏன் நான் இன்னும் தூக்கிப் போடலன்னு சொல்ல ஒரு பெரிய கொசுவத்தி சுத்தணும். பொறுத்துக்கோங்க.

2018. இஞ்சினியரிங் முடிச்சாச்சு. கேம்பஸ்ல எடுத்த கம்பெனி "சேர்ற தேதி பிறகு சொல்றோம்"னு மெயில் அனுப்பிட்டு அமைதியாயிடுச்சு. ஒரத்தநாடு பக்கம் எங்க கிராமத்துல, ஓட்டு வீட்டுத் திண்ணையில நான். வெட்டியா இருக்கறதுக்கு மேல்படிப்புக்கு அமெரிக்கா போகலாமேன்னு ஒரு யோசனை. அப்பாவும் சரின்னுட்டார். கணக்கு ரொம்ப சிம்பிள். நஞ்சை வயித்துக்கு, தென்னை படிப்புக்கு. கொல்லையில காய்ச்சிட்டு இருந்த தென்னை 46. அதை நம்பித்தான் பேங்க் லோன், ஏஜெண்டு, விசான்னு எல்லாக் கோட்டையும் கட்டினோம்.

அந்தக் கோட்டைக்கு வாசக்கதவு ஜிஆர்இ. ஊர்ல ஒரு சீனியர்கிட்ட இருந்து பேரன்ஸ் புத்தகம் கிடைச்சுது. பழைய பதிப்பு, அட்டை கிழிஞ்சது. பின்னாடி 3500 வார்த்தை, அம்பது பட்டியலா பிரிச்சு. அபேஸ், அபாஷ், அபேட்னு ஆரம்பிக்கும். அதை எடுத்தவன் எல்லாருக்கும் 'ஏ' எழுத்துல ஆரம்பிக்கற வார்த்தை அத்தனையும் தலைகீழாத் தெரியும். 'பி' பாதி தெரியும். 'சி'க்கு அப்புறம் அமெரிக்காவை விட்டுட்டு டிஎன்பிஎஸ்சி புத்தகம் வாங்கிடுவான். நம்ம ஊர்ல எத்தனையோ பேர் 'அபேயன்ஸ்' வரைக்கும் வந்து நின்னவங்க. ('அபேயன்ஸ்'னா தற்காலிகமா நிறுத்தி வைக்கறதுன்னு அர்த்தம். பொருத்தம்தான்.)

புத்தகம் பழசா இருந்ததால இன்னொரு கூத்து. எதிர்ச்சொல் சொல்லு, இதுக்கு அது மாதிரி அதுக்கு எதுன்னு கேக்கற கேள்வியெல்லாம் 2011 ஆகஸ்ட்லயே பரீட்சையில இருந்து தூக்கிட்டாங்க. அதுக்கப்புறம் வாக்கியத்துல கோடிட்ட இடத்தை நிரப்பணும், பத்தி படிச்சுப் புரிஞ்சுக்கணும். அதாவது வார்த்தையோட அர்த்தம் தெரிஞ்சா பத்தாது, அது எந்த இடத்துல உக்காரும்னும் தெரியணும். இது எனக்குப் புரிய ரெண்டு மாசம் ஆச்சு. முழுசாப் புரிய இன்னும் நாளாச்சு. அந்தக் கதைதான் இது.

கார்டு வாங்கக் காசு செலவழிக்கலாமா? தாத்தா தினசரி காலண்டர்ல கிழிச்ச தாளைத் தூக்கிப் போட மாட்டார். கம்பியில குத்தி உத்திரத்துல மாட்டி வச்சிருப்பார், வருஷக்கணக்கா. அதை இறக்கினேன். பின்பக்கம் வெள்ளை, அதுல வார்த்தை. முன்பக்கம் தேதி, ராகுகாலம், ராசிபலன். அதுக்கு மேலயே சிவப்புல அர்த்தம். 'லகோனிக்'னா சுருக்கப் பேச்சுக்காரன். திருப்பினா கீழ 'மேஷம் - வரவு'ன்னு இருக்கும். ரெண்டும் சேர்ந்தே மண்டையில ஏறிடும்.

மண்டையில ஏறாததுக்கு நாமளே ஏணி போடணும். 'மொரோஸ்'னா சிடுமூஞ்சி. நம்ம ஊர் 'மொறைக்கறது' மாதிரியே இருக்கா, மறக்கவே மறக்காது. 'கேஜோல்'னா கெஞ்சிக் கொஞ்சிக் காரியம் சாதிக்கறது. கஜோல் படத்தை நினைச்சுக்க வேண்டியதுதான். 'டர்பிட்'னா கலங்கல். ஆடி மாசம் புதாத்துல வர்ற மொத தண்ணியைப் பார்த்தவனுக்கு அகராதி எதுக்கு? நார்மன் லூயிஸ் 1949ல எழுதின 'வேர்டு பவர் மேட் ஈசி'யில சொல்ற மாதிரி வேரைப் பிடிச்சா கொத்தா வரும்னு இன்னொரு வழி. லத்தீன்ல 'உண்டா'ன்னா அலை. அதுல இருந்துதான் 'இனண்டேட்', 'அபண்டன்ட்', 'அண்டுலேட்', நாம பொட்டி தட்டற இடத்துல தினம் சொல்ற 'ரிடண்டன்ட்' கூட. ஒரு சர்வர் போனா இன்னொண்ணு நிக்கட்டும்னு வைக்கறோமே, அது பேர்லயும் ஒரு அலை இருக்கு. இதைக் கண்டுபிடிச்ச அன்னிக்கு எனக்குத் தலை கால் புரியல.

ஆனா படிச்சது மூணாம் நாள் மறந்துடும். இது நம்ம மட்டித்தனம் இல்ல. 1885லயே எபிங்ஹாஸ்னு ஒரு ஜெர்மன்காரர், அர்த்தமில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் பண்ணி, எவ்வளவு வேகமா மறக்குதுன்னு அளந்து எழுதி வச்சிருக்கார். மறக்கப் போற நேரத்துல திரும்ப ஒரு தடவை பாக்கணும், இடைவெளியைக் கூட்டிக்கிட்டே போகணும்னு அதுக்கு மருந்தும் பின்னால வந்தது. இப்ப 'அங்கி' மாதிரி சாப்ட்வேர் பண்றது எல்லாம் அதுதான்.

இதைத் தாத்தாகிட்ட பெருமையா விளக்கிட்டு இருந்தேன். வெத்தலையை மென்னுக்கிட்டே கேட்டவர், "இதென்னடா பெரிய விஷயம். காய்ச்சலும் பாய்ச்சலும்"னார்.

டெல்டாக்காரங்களுக்குச் சொல்ல வேண்டாம். மத்தவங்களுக்கு: நெல்லுக்கு எப்பவும் தண்ணி நிக்கக்கூடாது. பாய்ச்சணும், வத்த விடணும், லேசா வெடிப்பு விடற நேரம் பார்த்துத் திரும்பப் பாய்ச்சணும். அப்பதான் வேர் ஆழமா எறங்கும், தூர் கட்டும். "தண்ணியிலயே ஊறுன பயிர் காத்தடிச்சா சாஞ்சிரும்டா"ன்னார். எபிங்ஹாஸ் நூத்துச்சொச்சம் வருஷம் முன்னாடி சொன்னதை எட்டாங்கிளாஸ் தாத்தா ஒரு வரியில முடிச்சிட்டார். அன்னிலேருந்து என் கார்டுக் கட்டுக்கு ரெண்டு பெட்டி. ஒண்ணு காய்ச்சல், ஒண்ணு பாய்ச்சல்.

தனியா படிக்கல. கூட ஒரு நண்பன். பத்தாவதுலேருந்து கூட்டாளி. எங்க கொல்லைக்கு அந்தாண்டை தெருவுல வீடு. 'அந்தாண்டை தெரு'ன்னு நான் மரியாதையா சொல்றது எந்தத் தெருன்னு உங்களுக்குப் புரிஞ்சிருக்கும். அவனும் இஞ்சினியரிங், வேற காலேஜ், அவனும் வேலைக்குக் காத்திருக்கான். அவங்கப்பா குத்தகைக்கு ஒன்பது மா சாகுபடி பண்றவர். (எங்க பக்கம் நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி. ஒரு மா ஏக்கர்ல மூணுல ஒரு பங்கு.) தினம் சாயங்காலம் பம்புசெட்டு தொட்டி மேல உக்காந்துக்குவோம். நான் கார்டைக் காட்டுவேன், அவன் அர்த்தம் சொல்வான். பத்துக்கு எட்டு அடிப்பான். நான் ஆறு.

அவன்தான் எனக்கு ஊர்க்கதை நிறைய சொன்னவன். சரஸ்வதி மகால் நூலகத்துல சரபோஜி மன்னர் சேர்த்த புத்தகங்களோட, 1784ல அச்சான ஜான்சன் அகராதி இருக்குன்னு அவன் சொல்லித்தான் தெரியும். அந்த அகராதி முதல்ல வந்தது 1755ல. நம்ம தஞ்சாவூர்ல ஒரு ராஜா இங்கிலீஷ் அகராதி வச்சிக்கிட்டு இருந்திருக்கார், நாம பேரன்ஸ் வச்சிருக்கோம், வித்தியாசம் அட்டை கிழிஞ்சதுதான்னு சிரிப்பான். வலங்கைமான்ல 1869ல பொறந்த சீனிவாச சாஸ்திரியை, இங்கிலீஷ் பேச்சுக்காக 'வெள்ளி நாக்கு'ன்னு உலகமே கொண்டாடுச்சு. அதே கும்பகோணம் பக்கம், 1904ல அரசுக் கல்லூரியில உதவித்தொகையோட சேர்ந்த ராமானுஜன், கணக்கைத் தவிர வேற எதையும் தொடாம இங்கிலீஷ்ல தேறாமப் போய், உதவித்தொகையையே விட்டார். "காவேரித் தண்ணி ரெண்டு விதமாவும் வேலை செய்யும்டா, நீ எந்த வாய்க்கால்னு பாத்துக்க"ம்பான்.

நம்ம ஊர்ல இருந்து இங்கிலீஷுக்குப் போன வார்த்தைங்க மேல அவனுக்குத் தனி கிறுக்கு. அணைக்கட்டுதான் 'அனிகட்'. கல்லணை அவங்க வாயில 'கிராண்ட் அனிகட்'. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணி எல்லாம் கப்பலேறிப் போயிருக்கு. 'ஹாப்சன் ஜாப்சன்'னு 1886ல ஒரு பெரிய அகராதி வந்தது, இந்தியாவுல வெள்ளைக்காரங்க புழங்கின சொற்களுக்காகவே. எழுதின ரெண்டு பேர்ல ஒருத்தர் பர்னெல். அவர் தஞ்சாவூர்ல ஜட்ஜா இருந்தவர், அரண்மனைச் சுவடிகளுக்குப் பட்டியல் போட்டவர். புத்தகம் வெளிவர நாலு வருஷம் முன்னாடி, 1882லயே செத்துப் போயிட்டார். நம்ம ஊர்க் கச்சேரியில உக்காந்து ஒருத்தர் நம்ம வார்த்தையெல்லாம் குறிச்சு வச்சிருக்கார்னா சும்மாவா.

செப்டம்பர் மாசம். 'பி' முடிஞ்சு, 'சி', 'டி' எல்லாம் தாண்டி, 'பாரடாக்ஸ்', 'பாரகான்'னு இன்னொரு பி-யில போயிட்டு இருந்தோம். ஒரு கார்டைத் தூக்கிக் காட்டினேன். அவன் பேசல.

"தெரியலையா? ஈசிடா. பரையா. சமூகத்துல ஒதுக்கப்பட்டவன்"னு நானே திருப்பிப் படிச்சேன்.

அப்பவும் பேசல. பம்புசெட்டுத் தண்ணி மட்டும் கொட்டுது. அப்புறம் மெதுவா சொன்னான். "அது எங்க பேருடா."

எனக்கு அந்த நிமிஷம் வரைக்கும் நிஜமாவே தோணல. அதான் அசிங்கம். அணைக்கட்டு அனிகட் ஆனதைக் கொண்டாடினவன்தான் நானும். பறையர்ங்கற பேர்தான் அந்த இங்கிலீஷ் வார்த்தை ஆச்சு, 'ஹாப்சன் ஜாப்சன்'லயே அதைப் பறைங்கற மேளத்தோட சேர்த்து விளக்கியிருக்கு. ஆனா என் மண்டையில அது 'பி' வரிசையில இன்னொரு ஒரு மார்க்கு.

அப்பவாவது வாயை மூடியிருக்கலாம். நான் சொன்னது இது: "விடுடா, அகராதியில இருக்கு. வந்தா மார்க்கு."

அவன் எழுந்திரிச்சு, காலைத் தொடச்சிட்டு, செருப்பை மாட்டிக்கிட்டு வரப்புல நடந்து போயிட்டான். அடுத்த நாள் வரல. அதுக்கடுத்த நாளும் வரல. நானும் போய்க் கூப்பிடல. கூப்பிட்டா என்ன சொல்றதுன்னு 2000 வார்த்தை படிச்சவனுக்குத் தெரியல. அக்டோபர்ல சென்னையில ஏதோ வேலை கிடைச்சுப் போயிட்டான்னு கேள்விப்பட்டேன்.

நவம்பர் 16, வெள்ளிக்கிழமை விடியற்காலை. கஜா.

டிவியில அதுக்கு முன்னாடி ரெண்டு நாளா சொல்லிட்டுத்தான் இருந்தாங்க. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கரையைக் கடக்கும்னு. கடலுக்கும் நமக்கும் தூரம்னு அலட்சியம். ராத்திரி ஓடு ஒவ்வொண்ணா பறக்கற சத்தம். தாத்தாவைக் கட்டிலோட தூக்கி நடுவீட்டுச் செவுத்தோரம் வச்சோம். காத்து ஒரு பக்கம் அடிச்சு ஓய்ஞ்சு, மறுபடி எதிர்ப்பக்கத்துல இருந்து அடிச்சுது. விடிஞ்சு கொல்லைப் பக்கம் போன அப்பா ரொம்ப நேரம் திரும்பி வரல. போய்ப் பார்த்தேன். 46ல நின்னது அஞ்சு. மத்ததெல்லாம் வேரோட, இல்லன்னா பாதியில முறிஞ்சு. அப்பா ஒவ்வொண்ணா எண்ணிட்டு இருந்தார். எண்ணி முடிச்சதும் திரும்ப முதல்லேருந்து எண்ணினார்.

தென்னை நெல் மாதிரி இல்ல, அடுத்த போகம்னு சொல்றதுக்கு. கன்னு வச்சா காய்க்க அஞ்சாறு வருஷமாவது ஆகும். அமெரிக்கா அன்னிக்கே முடிஞ்சு போச்சுன்னு எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ரெண்டு பேரும் சொல்லிக்கல.

என் கார்டுக் கட்டு நனைஞ்சு கூழாயிருந்தது. ஜெல் பேனாவுல எழுதினது அத்தனையும் கரைஞ்சு போச்சு. பால்பாயின்ட்ல எழுதினது பிழைச்சுது. ஆரம்பத்துல ஆர்வக்கோளாறுல ஜெல் பேனா வாங்கி எழுதினது 'ஏ' வரிசை. ஆக ஊரெல்லாம் தெரிஞ்ச 'ஏ' மட்டும் எனக்குப் போச்சு. கயித்துக் கட்டில்ல மிச்சத்தைக் காயப் போட்டேன்.

சனிக்கிழமை மத்தியானம் அவங்கப்பா வந்தார். கரண்டு இல்ல, போன் இல்ல, ரோடெல்லாம் மரம். பையன் சென்னையில, பேசக்கூட முடியல. "தம்பி, பள்ளக்காட்டுல தண்ணி கட்டி நிக்குது. இன்சூரன்சுக்கு எழுதிக் குடுக்கணுமாம். 72 மணி நேரத்துக்குள்ள சொல்லணும்ங்கறாங்க. நீ இங்கிலீசு படிக்கிற பிள்ளை."

திண்ணையில உக்காருங்கன்னேன். படியிலயே உக்காந்தார்.

அவர் கையில இருந்த நோட்டீஸைப் பார்த்தேன். பிரதமர் பயிர்க் காப்பீட்டுத் திட்டம். 2016ல வந்தது. குறிப்பிட்ட வயலுக்கு மட்டும் வர்ற சேதத்துக்கு ஒரு பிரிவு. ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மூணாவதா 'இனண்டேஷன்'.

இனண்டேஷன்! என் வார்த்தை! 'உண்டா'ன்னா அலை! கூச்சமில்லாம சொல்றேன், சுத்தி ஊரே இடிஞ்சு கிடக்கறப்போ ஒரு நொடி எனக்கு சந்தோஷமா இருந்தது. படிச்ச வார்த்தையை உயிரோட பார்த்துட்டேன்ல.

உக்காந்து எழுதினேன். ஒரு முழுப் பக்கம். 'கலாமிட்டஸ் இனண்டேஷன்'னேன். நிலைமை 'எக்ஸாசர்பேட்' ஆகிடுச்சுன்னேன். அவர் 'பெனுரி'யில இருக்கார்னேன். அஞ்சு மாசம் காய வச்சுப் பாய்ச்சின அத்தனையையும் அந்த ஒரு பக்கத்துல தொறந்து விட்டேன். படிச்சுக் காட்டினேன். அவர் ஒரு வார்த்தை புரியாம, கையெடுத்துக் கும்பிட்டார்.

ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் கிளம்பினோம். சைக்கிள்ல பாதி, சைக்கிளைத் தோள்ல தூக்கி மரத்தைத் தாண்டறது பாதி. ஒன்பது கிலோமீட்டருக்கு மூணு மணி நேரம். புயலுக்காக ஆபீஸ் தொறந்து வச்சிருந்தாங்க. வாசல்ல ஏகப்பட்ட கூட்டம். தூங்கி ரெண்டு நாளாயிருக்கும் போல ஒரு அலுவலர். என் லெட்டரை வாங்கி மேலேருந்து கீழ படிச்சார். திரும்பப் படிச்சார். அப்புறம் கண்ணாடியைக் கழட்டிட்டுக் கேட்டார்:

"தம்பி, எத்தனை ஏக்கர்?"

எழுதல.

"சர்வே நம்பர்?"

எழுதல.

"என்ன பயிர், நட்டு எத்தனை நாளு, தண்ணி எத்தனை அடி நிக்குது, எப்பலேருந்து நிக்குது?"

முழிச்சேன். அவர் திட்டல. லெட்டரை மடிச்சு என் கையிலயே குடுத்து, "இங்கிலீஷ் நல்லா இருக்கு. விவரம் இல்லையே. தமிழ்லயே எழுது, போதும். நாளைக் காலைக்குள்ள வந்துரணும்"னார். பின்னாடி நிக்கறவர் காகிதத்துக்குக் கையை நீட்டிட்டார்.

பல்பு வாங்கறதுன்னு சொல்வோம்ல. இது டியூப்லைட்டு.

திரும்பி வர்ற வழியில அவங்கப்பா ஒண்ணுமே சொல்லல. அது இன்னும் மோசம். வீட்டுக்கு வந்து தாத்தாகிட்ட சொன்னேன். தாத்தா எழுந்து உக்காந்து, "எழுது"ன்னார். அவரும் அவங்கப்பாவும் மாத்தி மாத்திச் சொல்லச் சொல்ல எழுதினேன். சம்பா, நட்டு இருபத்தேழு நாள், தூர் கட்டற பருவம். ஒன்பது மாவுல ஆறு மா பள்ளம். வெள்ளிக்கிழமை விடியக்காலத்துலேருந்து முழங்கால் தண்ணி, நுனி கூடத் தெரியல. வடிகால்ல மரம் விழுந்து அடைச்சிருக்கு, அதனால வடியல. "'தண்ணி நிக்குது'ன்னு எழுதாத, 'மூழ்கிருச்சு'ன்னு எழுது"ன்னார் தாத்தா. "நெல்லுல தண்ணி நிக்கறது நஷ்டம் இல்ல. மூழ்குனாத்தான் நஷ்டம்."

இனண்டேஷனுக்கு அகராதியில நான் எழுதி வச்சிருந்த அர்த்தம் 'வெள்ளக்காடாக்குதல்'. அது எத்தனை அங்குலத்துல ஆரம்பிக்குதுன்னு அந்தக் கிழவருக்குத் தெரிஞ்சிருந்தது, எனக்குத் தெரியல.

மொத்தம் பதினோரு வரி. குத்தகைதாரர்ங்கறதால விஏஓகிட்ட அடங்கல் வேற வாங்க வேண்டியிருந்தது. அவங்கப்பா அதை ஏற்கெனவே வாங்கி மடியில வச்சிருந்தார். நான் கேக்கவே இல்ல, அதனால அவரும் காட்டல. திங்கக்கிழமை விடியறதுக்கு முன்னாடியே போய் வாசல்ல நின்னோம். ஆபீஸ் திறந்ததும் அதே அலுவலர் ஒரே தடவை படிச்சார், முத்திரை குத்தினார். அடுத்த வருஷம் ஒரு தொகை வந்துச்சு.

ரெண்டு வாரம் கழிச்சு அவன் ஊருக்கு வந்தான். இன்னும் கரண்டு வரல. சாயங்காலம் நேரா எங்க வீட்டுக்கு வந்து நின்னான். கட்டில்ல காஞ்சு சுருண்டு கிடந்த கார்டுங்களை ஒவ்வொண்ணா எடுத்துப் பார்த்தான். எனக்குத் தெரியும் எதைத் தேடறான்னு. நான்தான் எடுத்துக் குடுத்தேன். பால்பாயின்ட்ல எழுதினது, அழியல. "நான் அன்னிக்குச் சொன்னது தப்புடா"ன்னேன். இதுக்கு மேல ஒரு வார்த்தை வரல. இதுவே ரெண்டு மாசம் கழிச்சுத்தான் வந்தது.

அவன் என் பேனாவை வாங்கினான். நான் சிவப்புல எழுதியிருந்த அர்த்தத்துக்குக் கீழ, ராசிபலன் மேலயே, நீலத்துல எழுதினான்.

"அர்த்தம் சரி. எங்களைக் கேக்காம எழுதுனது."

எழுதிட்டு, கட்டுல வைக்காம என் சட்டைப் பையில போட்டான். "அப்பா சொன்னாரு, லெட்டர் எழுதுனியாமே. ரெண்டு லெட்டர்"னு சிரிச்சான். ரெண்டாவதை மட்டும் சொல்லியிருக்கலாம் அந்த மனுஷன்.

பரீட்சைக்கு ஏற்கெனவே பதினஞ்சாயிரம் கிட்ட கட்டியாச்சு, விட மனசில்ல. டிசம்பர்ல சென்னையில போய் எழுதினேன். 3 மணி 45 நிமிஷம். என்ன கேள்வி வந்ததுன்னு வெளிய சொல்லக்கூடாதுன்னு ஒப்புதல் வாங்கிக்குவாங்க, அதனால சொல்லல. வெர்பல்ல 170க்கு 158. சுமாருக்குக் கொஞ்சம் மேல. அந்த மார்க்கு அஞ்சு வருஷம் செல்லும். அஞ்சு வருஷமும் அது மெயில்லயே கிடந்து, செல்லாமப் போச்சு. கம்பெனி 2019ல கூப்பிட்டது, பொட்டி தட்ட வந்துட்டேன். தென்னங்கன்னு வச்சோம். இப்ப பாளை விட ஆரம்பிச்சிருக்கு. தாத்தா அதைப் பார்க்கல, 2020ல போயிட்டார்.

மிச்சக் கார்டு எல்லாத்தையும் அவன்கிட்ட குடுத்தேன். கரைஞ்சு போன 'ஏ' வரிசையை அவனே திரும்ப எழுதிக்கிட்டான். 2021ல பரீட்சை எழுதி என்னைவிட ஒன்பது மார்க்கு ஜாஸ்தி வாங்கி, உதவித்தொகையோட போய்ச் சேர்ந்தான். கட்டையும் எடுத்துக்கிட்டுத்தான் போனான். அவங்கப்பா இப்பவும் அதே ஒன்பது மா. ஊருக்குப் போனா போய்ப் பார்ப்பேன். திண்ணையில உக்காருவார் இப்ப. எங்க வீட்டுத் திண்ணை இல்ல, அவர் கட்டின வீட்டுத் திண்ணை. நான்தான் எந்தப் படியில உக்காரணும்னு தெரியாம ஒரு நிமிஷம் நிப்பேன்.

இப்ப அந்த ஜூனியர் பையனுக்கு வருவோம். 2023 செப்டம்பர்லேருந்து பரீட்சையைச் சுருக்கிட்டாங்க, மொத்தமே 1 மணி 58 நிமிஷம்தான், வெர்பல்ல 27 கேள்விதான், அதனால நிறைய வார்த்தை வேணாம்ல அண்ணேன்னு கேட்டான். வேணும்ப்பான்னேன். ஆனா பட்டியலா படிக்காத. ஒரு வார்த்தை படிச்சா அது வர்ற நாலு வாக்கியம் படி. வேரைப் பாரு. காயவிட்டுப் பாய்ச்சு. அந்த வார்த்தைக்கு உங்க வீட்டுல, உங்க ஊர்ல என்ன சொல்வாங்கன்னு யாரையாவது கேளு. எங்கம்மாகிட்ட 'வின்னோ'வுக்கு அர்த்தம் சொன்னேன். பதரைப் பிரிக்கறதும்மான்னு. "காத்துல விட்டா தூத்தறது, முறத்துல தட்டுனா புடைக்கறது, ஆட்டிப் பிரிச்சா கொழிக்கறது. இதுல உன் இங்கிலீஷு எது?"ன்னு கேட்டாங்க. இன்னும் பதில் சொல்லல.

இதையெல்லாம் ஒரு மெயிலா அடிச்சு அவனுக்கு அனுப்பிட்டேன். கார்டைப் பத்தி மட்டும் எழுதல. மேஜை டிராயர்ல பழைய ஐடி கார்டு உறைக்குள்ள இருக்கு. மேல 'வெள்ளை'யா என் கையெழுத்துல அந்த வார்த்தை, பின்னாடி சிவப்புல என் அர்த்தம், அதுக்குக் கீழ நீலத்துல அவன் எழுதினது. மழை பட்டதுல ஓரம் மட்டும் சுருண்டிருக்கு.

நாளைக்கு அவனைக் கூப்பிட்டுக் காட்டலாம்னு இருக்கேன். ரெண்டு பக்கத்தையும்.

டிஸ்கி: தூத்தறது, புடைக்கறது, கொழிக்கறது தவிர உங்க ஊர்ல முறத்துக்கு வேற என்ன வேலை பேர் இருக்குன்னு பின்னூட்டத்துல சொல்லிட்டுப் போங்க. அம்மாவுக்குப் பதில் சொல்லணும் :-)